கூலிப்படை நாவலுக்கு வாளை விடச் சம்பளப் பட்டியல் முக்கியம்

கத்தலான் கம்பெனியைப் பற்றி ஒரு சாகச நாவல் எழுதி முடித்திருக்கிறேன். 1303-இல் சிசிலியிலிருந்து பைசாந்தியத் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளுக்குக் கப்பலேறிப் போன கூலிப்படை அது; பெரும்பாலும் ஸ்பெயின் பக்கத்துக் கத்தலோனியா, அரகோன் ஆட்கள். எட்டு வருடங்களுக்குள் பைசாந்தியப் பேரரசை உலுக்கி, கடைசியில் ஏதென்ஸையே பிடித்து உட்கார்ந்துகொண்ட கூட்டம். கைப்பிரதியைப் படித்தவர்கள், சண்டைக் காட்சிகளுக்கான தகவல்களை எங்கே பிடித்தீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எனக்குக் கதையைக் கொடுத்தது சண்டை அல்ல, சம்பளக் கணக்கு. இதே மாதிரி வரலாற்று நாவல் எழுத நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால், எனக்குக் கைகொடுத்தவற்றை எழுதி வைக்கிறேன்.

முதலில் சுருக்கமாகப் பின்னணி. சிசிலித் தீவுக்காக ஸ்பெயின் பக்கத்து அரகோன் வம்சமும் பிரெஞ்சுக்காரர்களான ஆஞ்சு வம்சமும் 1282-இலிருந்து இருபது வருடம் அடித்துக்கொண்டன. 1302 ஆகஸ்டில் கல்தபெல்லோத்தா உடன்படிக்கையோடு போர் முடிந்தது. அரசர்களுக்கு நிம்மதி. ஆனால் சண்டையைத் தவிர வேறு தொழில் தெரியாத ஆயிரக்கணக்கான பேர், குடும்பம் குட்டியோடு, ஒரே நாளில் வேலையில்லாமல் நின்றார்கள். சிசிலி அரசர் ஃபிரெடரிக்குக்கு அவர்களை வைத்துச் சோறு போடவும் முடியாது, சும்மா விட்டுவிடவும் பயம். அந்தப் பக்கம் பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் ஆந்திரோனிகோஸ், அனத்தோலியாவில், அதாவது இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதியில், ஊர் ஊராகத் துருக்கியர்களிடம் இழந்துகொண்டிருந்தார். இரண்டு பக்கத்துத் தேவையையும் இணைத்தவர் ரோஜர் டி ஃப்ளோர்.

ரோஜரின் வாழ்க்கையே தனி நாவல். அப்பா, புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கிடம் வல்லூறு பழக்கியவர்; 1268-இல் தல்லியகோட்சோ போரில் இறந்துபோனார். பிரிந்திசித் துறைமுகத்தில் வளர்ந்த பையனை, டெம்ப்ளர்கள் என்ற சிலுவைப்போர்த் துறவி வீரர்களின் கப்பல் ஒன்று எடுத்துக்கொண்டது. 1291-இல் பாலஸ்தீனக் கரையில் சிலுவைப்போர்க்காரர்களின் ஆக்ர் நகரம் வீழ்ந்தபோது தன் கப்பலில் அகதிகளை ஏற்றிக் காப்பாற்றினார். அந்தச் சமயத்தில் பெரும் செல்வத்தைச் சுருட்டிக்கொண்டார் என்று டெம்ப்ளர்களே குற்றம் சாட்ட, தப்பி ஓடிக் கடலில் தனியாளாகத் தொழில் செய்தவர். இப்படி ஒரு நாயகன் கிடைத்தால் எழுதுகிறவர் அவருடைய பின்னாலேயே போய்விடுவார். நான் அதை வேண்டுமென்றே செய்யவில்லை. நாவலின் மையத்தில் ஒரு கணக்குப்பிள்ளையை வைத்தேன்.

அந்தக் கணக்குப்பிள்ளை கற்பனை இல்லை. ரமோன் முந்தனேர். கம்பெனியின் வரவு செலவைப் பார்த்தவர், டார்டனெல்ஸ் நீரிணைக் கரையில் கம்பெனியின் தளமாக இருந்த கலிப்போலிக் கோட்டைக்குத் தலைவராக இருந்தவர், 1307 வரை கூடவே இருந்தவர். அறுபது வயதில், 1325 மே மாதம், வாலென்சியாவுக்குப் பக்கத்தில் தன் பண்ணை வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தார். அவருடைய சரித்திரத்தை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தபோது எனக்கு நெருங்கிய ஆளாகத் தெரிந்தார். காரணம், நானும் பல வருடமாகத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சனிக்கிழமைச் சம்பளம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனால் தையல் மிஷின்களுக்கு நடுவே என்ன பேச்சு ஓடும், யார் யாரைச் சந்தேகிப்பார்கள், எந்த டெய்லர் சத்தமில்லாமல் அடுத்த கம்பெனிக்கு நடையைக் கட்டுவார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. முந்தனேர் அதைத்தான் எழுதியிருக்கிறார், ஈட்டியும் குதிரையும் சேர்த்து.

அவர் தரும் சம்பள விகிதம் இது. கவசக் குதிரைவீரனுக்கு மாதம் நான்கு அவுன்ஸ் தங்கம், இலகு குதிரைவீரனுக்கு இரண்டு, காலாட்படைக்கு ஒன்று. நான்கு மாதச் சம்பளம் முன்பணம். ரோஜருக்கு மெகாஸ் டூக்ஸ் என்ற கடற்படைத் தலைவர் பட்டமும், பேரரசரின் சகோதரி மகள் மரியாவோடு கல்யாணமும். முந்தனேர் கணக்கில் போன ஆட்கள், கடலோடிகளைச் சேர்க்காமலே, ஆறாயிரத்தைத் தாண்டுகிறார்கள். ஒரு தாளை எடுத்து இதைப் பெருக்கிப் பாருங்கள். ஆந்திரோனிகோஸ் என்ற மனிதரின் நெற்றி வியர்வை கண்ணுக்குத் தெரியும். அவருடைய கஜானாவில் அவ்வளவு தங்கம் இல்லை. ஹைப்பர்பைரோன் என்ற பைசாந்தியப் பொற்காசில் அந்தக் காலத்தில் பாதிதான் தங்கம். 24 காரட்டாக இருந்திருக்க வேண்டியது 12 காரட்டுக்கு இறங்கிவிட்டது என்று அவர்களுடைய வரலாற்றாசிரியர் பாக்கிமெரேஸே எழுதுகிறார்.

அதனால் என் முதல் யோசனை: அத்தியாயப் பட்டியல் போடும் முன், மாதவாரியாக ஒரு சம்பளப் பேரேடு போடுங்கள். யாருக்கு எவ்வளவு பாக்கி, யார் தர வேண்டும், என்ன காசில் தந்தார்கள். நான் அப்படிப் போட்டபோது, தனித்தனிச் சம்பவமாகத் தெரிந்தவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வருவது புரிந்தது. உதாரணத்துக்கு, அலன்கள். இவர்களும் பேரரசரின் கூலிப்படைதான், கத்தலான்களுக்கு முன்பே வந்தவர்கள். ஆனால் சம்பளம் குறைவு. ஒரே முகாமில், ஒரே வேலைக்கு, நேற்று வந்தவனுக்கு அதிகச் சம்பளம் என்றால் என்ன நடக்கும்? மர்மரா கடலோரத்துக் கிசிக்கஸ் முகாமில் இரு தரப்புக்கும் கைகலப்பாகி, அலன் தலைவர் ஜார்ஜின் மகன் கொல்லப்பட்டான். ஒரு வருடம் கழித்து, 1305 ஏப்ரலில், அத்ரியானோபிளில் ரோஜரை வெட்டிச் சாய்த்தது இதே ஜார்ஜ். அரண்மனைச் சதி என்று மட்டும் எழுதியிருந்தால் இது பழைய சரக்கு. சம்பள வித்தியாசத்தில் தொடங்கி மகனை இழந்த தகப்பனின் கத்தியில் முடிந்தால், வாசகர் ஜார்ஜையும் வெறுக்க மாட்டார்.

காசைப் பற்றி இன்னொன்று. பேரரசர் கம்பெனிக்குப் புது வெள்ளிக்காசில் சம்பளம் கொடுத்தார். வெனிஸ் காசைப் பார்த்து அடித்தது. மூன்று பணம் பெறுமானமுள்ள அந்தக் காசை எட்டுக்கு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. படைவீரன் அதைக் கடைத்தெருவில் நீட்டுகிறான், கடைக்காரர் மறுக்கிறார், வீரன் கத்தியை எடுக்கிறான். மக்களுக்கும் படைக்கும் பகை மூள வேண்டும் என்றே பேரரசர் இப்படிச் செய்தார் என்பது முந்தனேரின் குற்றச்சாட்டு. எனக்கு இந்த ஒரு காசு முழு அத்தியாயம் கொடுத்தது. ரொட்டிக் கடை, கையில் காசைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் ஒரு கிரேக்கப் பெண், வெளியே பசியோடு நிற்கும் வீரனின் குழந்தை. யார் பக்கம் நியாயம் என்று சொல்ல முடியாத காட்சி. இரண்டு பேருமே ஏமாற்றப்பட்டவர்கள்.

இப்போது நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன்: 1303-04 குளிர்காலம், கிசிக்கஸ் தீபகற்பம். அந்தப் பருவத்தில் போர் கிடையாது, படையை எங்கேயாவது தங்க வைக்க வேண்டும். ஊர் மக்களின் வீடுகளிலேயே தங்க வைத்தார்கள். இதற்கு இரு தரப்பு ஆட்களும் சேர்ந்த ஒரு குழு. ரொட்டி, ஒயின், உப்புக்கண்டம், பாலாடைக்கட்டி, குதிரைக்கு ஓட்ஸ், படுக்கை என்று ஒவ்வொன்றுக்கும் குழு விலை நிர்ணயித்தது. வீட்டுக்காரர் கொடுத்ததை இரு தரப்பும் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். மார்ச் கடைசியில் நேர் பார்த்து, வீரனின் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். நல்ல ஏற்பாடு. மார்ச்சில் கணக்குப் பார்த்தால், நான்கைந்து மாதத்தில் ஒரு வருடச் சம்பளத்தைத் தின்று தீர்த்தவர்களும் இருந்தார்கள். ரோஜர் எல்லாரையும் கூட்டி, உங்கள் சம்பளத்தில் ஒரு காசு பிடிக்க மாட்டேன் என்று அறிவித்து, வீரர்களின் கணக்குச் சீட்டுகளை அவர்கள் கண்ணெதிரிலேயே நெருப்பில் போடச் சொன்னார். கிரேக்கர்கள் தங்கள் சீட்டைக் கணக்கு அதிகாரியிடம் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

முந்தனேர் இதைத் தலைவரின் தாராள மனதுக்குச் சான்றாக எழுதுகிறார். வீரர்கள் ஆர்ப்பரித்திருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் பாக்கிமெரேஸைத் திறந்தால், அதே குளிர்காலத்தில் கிசிக்கஸ் மக்கள் பட்ட பாடு வேறு மாதிரி இருக்கிறது: பறிப்பு, அடி, பெண்களுக்கு நேர்ந்த கொடுமை. இந்த இரண்டு பக்கங்களுக்கு நடுவில்தான் நாவலுக்கு இடம். நான் அந்தக் காட்சியை ரோஜரின் கண்ணிலிருந்து எழுதவில்லை, வீரர்கள் கண்ணிலிருந்தும் எழுதவில்லை. ஐந்து மாதம் ஒரு முரட்டு வீரனுக்கும் அவன் மனைவிக்கும் சோறு போட்ட வீட்டுக்காரரின் கண்ணிலிருந்து எழுதினேன். நெருப்பில் போகும் தாள்களைப் பார்த்துக்கொண்டே, தன் கையிலிருக்கும் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொள்கிறார் அவர்.

இதிலிருந்து ஆதாரங்களைப் படிக்கும் விதம் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே சாட்சியை நம்பி வரலாற்று நாவல் எழுதாதீர்கள். அதே சமயம் சாட்சி பொய் சொல்கிறார் என்று ஒட்டுமொத்தமாகத் தள்ளவும் வேண்டாம். எதில் பொய் சொல்வார், எதில் சொல்ல மாட்டார் என்று பிரித்துப் பாருங்கள். முந்தனேர் எதிரிகள் செத்த எண்ணிக்கை சொன்னால் நான் எடுத்துக்கொள்வதில்லை. இருபதாயிரம், முப்பதாயிரம் என்று அள்ளி விடுவார். தன் பக்கத்து ரொட்டி, சம்பளம், குதிரை எண்ணிக்கை சொன்னால் நம்புகிறேன். அது அவர் கையால் எழுதிய பேரேடு. ரோஜர் கொலையை எடுத்துக்கொள்ளுங்கள். விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அலன்கள் புகுந்து வெட்டினார்கள் என்கிறார் முந்தனேர். பேரரசியைப் பார்க்கப் போகும்போது அறை வாசலில் ஜார்ஜ் வெட்டினார் என்கிறார் பாக்கிமெரேஸ். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நான் மெனக்கெடவில்லை. அந்தக் கொலையை நேரில் காட்டாமல், கலிப்போலிக்குச் செய்தி வந்து சேரும் விதத்தில் எழுதினேன். ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். உண்மையிலும் செய்தி அப்படித்தான் வந்திருக்கும்.

கப்பல் விஷயம் வேறு மாதிரி பாடம். என் தாய்மாமா சரக்குக் கப்பலில் பல காலம் வேலை பார்த்தவர். கதைச் சுருக்கத்தை அவரிடம் சொன்னேன். ரோஜரின் வீரமெல்லாம் கேட்டுவிட்டு, அவர் கேட்டது ஒன்றுதான்: “ஏங்கண்ணு, இத்தனை பேருக்கு நடுக்கடல்ல தண்ணி எங்க பிடிப்பாங்க?”

அந்தக் கேள்விதான் என் கடல் பயணங்களையெல்லாம் வடிவமைத்தது. அந்தக் காலத்துத் துடுப்புக் கப்பல் நீளமாக, ஒல்லியாக, தாழ்வாக இருக்கும். துடுப்பு வலிப்பவர்களே நூற்றுக்கும் மேல். ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் என்றாலும், இருநூறு பேருக்கு நானூறு லிட்டர். மத்தியதரைக்கடல் வெயிலில் துடுப்பு வலிப்பவனுக்கு அது போதவே போதாது. பீப்பாய் வைக்க இடமும் இல்லை. ஆகவே சில நாளுக்கொரு முறை கரை ஒதுங்கியே தீர வேண்டும். நன்னீர் கிடைக்கும் கரை யார் கையில் இருக்கிறதோ, கடல் அவர் கையில். கடல்வழிக் காட்சிகளைத் திட்டமிடும்போது வரைபடத்தில் துறைமுகங்களை மட்டும் பார்க்காதீர்கள், ஊற்றுகளையும் ஆற்று முகத்துவாரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பதுங்கித் தாக்குதல் எங்கே நடக்கும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

சங்கிலியால் கட்டிய அடிமைகள் துடுப்பு வலிக்க, ஒருவன் சாட்டையோடு நடக்கும் காட்சி எல்லார் மனதிலும் இருக்கிறது. 1300 வாக்கில் கத்தலான், வெனிஸ் கப்பல்களுக்கு அது பொருந்தாது. துடுப்பு வலிப்பவர்கள் பெரும்பாலும் சம்பளத்துக்கு வந்த சுதந்திரமானவர்கள். கரையில் இறங்கினால் ஆயுதம் எடுப்பார்கள். அவர்களுக்கும் பேரேட்டில் ஒரு வரி உண்டு. பாய்மரச் சரக்குக் கப்பல்களில், பின்பக்க நடுவில் பொருத்தும் ஒற்றைச் சுக்கான் அப்போதுதான் மத்தியதரைக்கடலுக்குள் வந்துகொண்டிருந்தது. துடுப்புக் கப்பலில் பின்பக்கம் இரு புறமும் இரண்டு பெரிய சுக்கான் துடுப்புகள். குறுக்கு வில் வீரர்கள் பற்றி முந்தனேர் அழுத்தமாக ஓர் இடத்தில் பேசுகிறார்: அவர்களை மாற்று ஆளாகத் துடுப்பு வலிக்க உட்கார வைக்கக் கூடாது, தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். துடுப்பு வலித்து ஓய்ந்த கை குறி பார்க்காது. அனுபவப்பட்டவர் மட்டுமே சொல்லக்கூடிய வரி இது. இந்த மாதிரி வரி கிடைத்தால் அதை விவரிப்பாக எழுதாமல், இரண்டு பாத்திரங்களின் வாக்குவாதமாக எழுதுங்கள். நாவலில் கப்பல் தலைவனும் வில்லாளியும் இதற்காகவே ஒரு நாள் முழுக்கச் சண்டை போடுகிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, மக்காச்சோளம் எதுவும் கிடையாது. அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள் இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை. காரம் வேண்டுமானால் மிளகு. அது மலபார்க் கரையிலிருந்து செங்கடல் வழியாக அலெக்சாண்டிரியா போய், அங்கிருந்து வெனிஸ், ஜெனோவா வியாபாரிகள் கைக்கு வந்தது. சாதாரண வீரனின் ரொட்டிப் பையில் அது இருக்காது. பீரங்கியும் இல்லை, ஐரோப்பாவில் அதற்குத் தெளிவான சான்று 1326-இல்தான் வருகிறது. மணி பார்த்துச் சொல்லும் பழக்கமும் இல்லை. கோயில் மணியும் புனிதர் திருநாளும்தான் நேரம்.

அல்மோகவார்கள் என்ற மலைநாட்டுக் காலாட்படையைத் தவறாமல் நன்றாகக் காட்ட வேண்டும், ஏனென்றால் கம்பெனியின் முதுகெலும்பு அவர்கள்தான். உடம்பில் கவசம் கிடையாது. குட்டை அங்கி, காலில் தோல் உறை, தோல் செருப்பு, ஓர் ஈட்டி, இரண்டு எறியீட்டி, கசாப்புக் கத்தி போல அகலமான கத்தி, இரண்டு மூன்று நாளைக்கான ரொட்டியோடு ஒரு தோல் பை, சிக்கிமுக்கிக் கல். சண்டைக்கு முன் ஈட்டி முனையைக் கல்லில் அடித்து “இரும்பே எழுந்திரு” என்று கத்துவார்கள். 1300-இல் சிசிலியில் கல்லியானோ போரின்போது, விடியும் நேரத்தில் தீப்பொறிகள் பறந்ததைப் பார்த்து எதிரிப் படையிலிருந்த பிரெஞ்சுப் பிரபுக்கள் திகைத்ததை முந்தனேர் வர்ணிக்கிறார். இது அற்புதமான காட்சி. அற்புதமாக இருப்பதாலேயே நாவலில் ஒரே ஒரு இடத்தில்தான் வைத்தேன். ஒவ்வொரு போரிலும் பொறி பறந்தால் பொறிக்கு மதிப்பு போய்விடும்.

பெண்களைப் பற்றி ஆதாரம் இல்லை என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். கம்பெனி மனைவி மக்களோடு பயணம் செய்த ஊர். கலிப்போலியில் ஆண்கள் வெளியே போயிருந்த சமயம் ஜெனோவாக் கப்பற்படை வந்து தாக்கியது. முந்தனேர் கிடங்கிலிருந்த கவசங்களைப் பெண்களுக்கு மாட்டி மதில் மேல் நிறுத்தினார். தெருக்களில் தண்ணீர் கலந்த ஒயின் தொட்டிகளையும் ரொட்டியையும் வைத்தார், யாரும் இடத்தை விட்டு நெடுநேரம் விலகக் கூடாது என்று. முகத்தில் ஐந்து காயம் பட்ட ஒரு பெண் ஒன்றும் ஆகாதது போலத் தொடர்ந்து சண்டை போட்டதைப் பதிவு செய்கிறார். எதிரியின் அம்புகள் தீர்ந்தன; தளபதி ஸ்பினோலா செத்தார். இங்கே எதையும் கற்பனை செய்யத் தேவையே இல்லை. அந்த ஒயின் தொட்டி ஒன்று போதும்.

அப்புறம், கொடுமை. இதை மறைத்து யாரும் சாகச நாவல் எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ரோஜர் கொலைக்குப் பிறகு கம்பெனி அனுப்பிய தூதர்களை ரோதோஸ்தோவில் வெட்டிக் கசாப்புக் கடையில் தொங்கவிட்டார்கள். பதிலுக்குக் கம்பெனி அந்த ஊரில் ஆண், பெண், குழந்தை என்று யாரையும் விட்டு வைக்கவில்லை. பிறகு இரண்டு வருடம் திரேஸ் நாட்டையே சூறையாடினார்கள். முந்தனேரே எழுதுகிறார், வருத்தமில்லாமல். நாயகனை நேசிக்க வைத்த அதே கையால் இதையும் எழுத வேண்டும். அந்த அத்தியாயத்தில் கிசிக்கஸ் வீட்டுக்காரரின் உறவினர் ஒருவரை ரோதோஸ்தோவில் குடியிருக்க வைத்தேன். வாசகருக்குத் தெரிந்த ஒரு முகம் அங்கே இல்லாவிட்டால், செத்தவர்கள் வெறும் எண்ணிக்கை ஆகிவிடுவார்கள்.

கிறிஸ்தவர், முஸ்லிம் என்று இரண்டாகப் பிரித்து எழுதுவதும் இந்தக் கதைக்கு ஒத்துவராது. எந்தத் துருக்கியரை விரட்ட வந்தார்களோ, அதே துருக்கியரில் ஒரு கூட்டம் பிற்பாடு கலிப்போலியில் கம்பெனியோடு பங்கு பேசிச் சேர்ந்துகொண்டது. கிறிஸ்தவரான ஏதென்ஸ் கோமகன் வால்டர் டி பிரியென் 1310-இல் கம்பெனியை ஆறு மாதத்துக்கு அமர்த்தினார். தெஸ்ஸாலியில் வேலை முடிந்ததும் இரண்டு மாதச் சம்பளம் மட்டும் கொடுத்தார். 200 குதிரைவீரர்களையும் 300 காலாட்களையும் பொறுக்கி நிலம் கொடுத்து வைத்துக்கொண்டு, மற்றவர்களைப் போகச் சொன்னார். 1311 மார்ச் 15-இல் அல்மிரோஸ் சதுப்பு நிலத்தில் போர். அதற்கு முன் அந்த 500 பேரும் கோமகனை விட்டுப் பழைய தோழர்களிடம் வந்து சேர்ந்தார்கள். பிரெஞ்சுக் குதிரைகள் சேற்றில் சிக்கின; வால்டர் தலை போனது; ஏதென்ஸ் கம்பெனி கைக்கு வந்தது. நான்கு மாதச் சம்பள பாக்கிக்கு ஒரு நாட்டையே இழந்தார் மனிதர்.

இரண்டாம் பாகத்தை இங்கிருந்துதான் ஆரம்பித்திருக்கிறேன். செத்த பிரபுக்களின் விதவைகளையும் கோட்டைகளையும் பங்குபோட்டுக்கொண்டு, கூலிக்கு நின்றவர்கள் நிலக்காரர்கள் ஆகிவிட்டார்கள். 1388 வரை ஏதென்ஸ் அவர்களிடம் இருந்தது. இனி பேரேட்டில் சம்பளம் கேட்கும் பத்தி போய், வரி வசூல் பத்தி வரும். தீப்ஸிலும் ஏதென்ஸிலும் உழுதவர்கள் என்ன கட்டினார்கள், எந்தக் காசில் கட்டினார்கள் என்பதைத்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன்.